அவிழ்ந்த டை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மலருக்கு நீயும் ஏதாவது எழுது என்று அண்ணன் மூன்று முறை போனில் சொல்லிவிட்டார். அந்தக் கல்லூரிக்குள் நான் போனது ஒரே ஒரு நாள். அதைத்தான் எழுத முடியும்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஹட்டனில் இருந்த அந்தப் பழைய கல்லூரிக்கு முதலில் போனவர் அண்ணன். பெயர்தான் கல்லூரி, அது பள்ளிக்கூடம்; அண்ணன் சேர்ந்தது ஆறாம் வகுப்பில். லயத்தில் யாருக்கும் டை கட்டத் தெரியாது. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா ஒரு தடவை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அதை அண்ணன் அவிழ்க்கவே இல்லை. தளர்த்தித் தலை வழியாகக் கழற்றி, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவார்.

கல்லூரியில் ஒரு வழக்கம். ஸ்தாபகர் தினத்தன்று புது மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வீட்டு ஆள் ஒருவரும் வந்து பார்க்கலாம். டை இல்லாதவனை மாணவ தலைவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று தவறினால் அந்தப் புத்தகத்தில் பெயர் கிடையாது. அண்ணன் ஒரு வாரமாகப் பழைய கொப்பியில் கையெழுத்துப் போட்டுப் பழகினார்.

ஸ்தாபகர் தினத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணன் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போனபோது, முடிச்சுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க அவிழ்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பக் கட்டவும் வரவில்லை. அப்படியே ஆணியில் தொங்கவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காலையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகுதான் அண்ணன் பார்த்தார். கிளாக்கர் ஐயா லீவில் நுவரெலியா போயிருந்தார். அண்ணன் அடிக்கவில்லை.

"வீட்டு ஆளா நீதான வர்ற. கேட்ல என்னைய தொரத்துறதையும் நீயே வந்து பாரு" என்றார்.

பஸ்ஸில் டையை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தார். "என்னா தம்பி, மாடு கட்டவா போறீங்க?" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹட்டனில் இறங்கியதும் அண்ணன் ஒரு புடவைக் கடைக்குள் ஓடினார். தீபாவளிக்கு நாங்கள் துணி எடுக்கும் கடை. முஸ்லிம் முதலாளியை நானா என்று கூப்பிடுவோம்.

"நானா, டை கட்டத் தெரியுமா? இவன் அவுத்துட்டான்."

"இந்த டையா? கொண்டா. ஆனா அடுத்தவன் கழுத்துல எனக்குக் கட்ட வராது."

கண்ணாடி முன் நின்று தன் கழுத்திலேயே கட்டினார். கட்டி முடித்தும் கழற்றவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானா, மணி அடிச்சிரும்."

"எட்டாவது வரைக்கும் நானும் கட்டுனவன்தான். வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணுனதும் கடைக்கு வந்துட்டேன்" என்றபடி கழற்றி அண்ணனுக்கு மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா பாத்துக்கிட்டியா? அடுத்த வருசம் நீயும் கட்டணுமே" என்றார்.

"ஆமா நானா!" என்று கத்தினேன். அண்ணன் ரோட்டைப் பார்த்தபடி, "நேரமாச்சு, வா" என்றார்.

ஓடினோம். வாசலில் தடுக்கவில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டதை மண்டபத்தின் கடைசியில் நின்று பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் திடீரென்று டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "எறங்குற வரைக்கும் போட்டுக்க."

முடிச்சை அவிழ்த்ததை மன்னித்துவிட்டார் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா அண்ணனிடம் முன்பே சொல்லிவிட்டது எனக்கு அன்று தெரியாது.

எழுதி முடித்தது 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.