வாடை வராத வேர்

மீன் கடையில் தராசு முள் அசையாமல் நிற்கும்வரை நான் பையை நீட்டியதில்லை. "உங்க சந்தேகத்துக்கு மருந்தே இல்ல" என்பாள் என் மனைவி. அவளுக்கு வேண்டியிருந்தது தூக்கத்துக்கு மருந்து. தொழிற்சாலையில் பல வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரியில் கண் மூடவில்லை. மாத்திரை என்றால் அவளுக்குப் பயம்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காதான் அந்த நாற்றைக் கொடுத்தார். கேமரன் மலையில் அவருடைய தம்பி வளர்க்கும் வலேரியன் என்ற மூலிகையாம். வேரைக் காய்ச்சிக் குடித்தால் தூக்கம் வருமாம். அழுக்குக் காலுறை மாதிரி நாறுமாம், அதுதான் அசல் என்பதற்கு அடையாளமாம். சும்மா எதற்குக் கொடுக்கிறார் என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

இருந்தும் ஒழுங்காகத்தான் வளர்த்தேன். பினாங்கு வெயில் படாமல் தொட்டியைச் சுவர் நிழலில் வைத்தேன். சத்து வேருக்குப் போகட்டும் என்று பூமொட்டுகளைக் கிள்ளி எறிந்தேன். ஒன்றரை வருஷம் கழித்து இலை பழுத்ததும் தொட்டியைக் கவிழ்த்தேன். வெளிறிய நூல்கொத்து போல வேர் வந்தது. கழுவி முகர்ந்தேன். வெறும் மண்வாசனை.

மனைவியும் முகர்ந்தாள். "லேசா என்னமோ வருதுங்க."

"ஒண்ணும் வரல. ஏதோ புல்லக் குடுத்து நம்மள ஏமாத்திட்டாங்க."

நாளை குப்பையில் போடலாம் என்று, துணி துவைக்கும் இடத்தில் தகரக் கூரைக்கு அடியில் உயரத்தில் இருந்த பலகையில் வீசினேன். அந்த நேரம் பார்த்து அக்கா கேட் பக்கம் வந்தார்.

"வேர் எடுத்திட்டீங்களாண்ணே? அத முதல்ல..."

"போதும்லா. உங்க புல்ல நீங்களே வச்சுக்குங்க" என்று கதவைச் சாத்தினேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் அக்கா வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவது மனைவியின் வழக்கம். அதையும் நிறுத்தச் சொன்னேன். அவளும் நிறுத்திவிட்டாள். அவள் கண்கள் இன்னும் குழி விழுந்தன. அந்தப் பழியையும் அக்காவின் தலையில்தான் கட்டினேன்.

பத்து நாள் கழித்து வீட்டின் பின்பக்கம் நாற ஆரம்பித்தது. முதலில் அக்கா வீட்டுச் சாக்கடையைச் சந்தேகப்பட்டேன். பிறகு செத்த எலியை. கடைசியில் ஏணி போட்டுப் பலகையைப் பார்த்தால், குப்பைக்குப் போக மறந்த வேர் அங்கே பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. முகர்ந்ததும் குமட்டியது. காய்ந்தால்தான் அதற்கு நாற்றமே வரும் போலிருக்கிறது. அக்கா சொல்ல வந்தது அதைத்தான்.

நேரில் போக எனக்கு வெட்கம். வேரைப் பொட்டலம் கட்டி, எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டு வரச் சொல்லி மனைவியை அனுப்பினேன். ஒரு மணி நேரமாகியும் அவள் திரும்பவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்களோ என்று நானே போனேன்.

அக்கா வீட்டு சோபாவில் அவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன குடுத்தீங்க?" என்றேன்.

"ஒண்ணும் குடுக்கலண்ணே. சத்தம் போடாதீங்கலா. முன்னயும் டெய்லி இப்பிடித்தான், பேசிக்கிட்டே இருப்பாங்க, அப்பிடியே தூங்கிருவாங்க. சொல்லலயா உங்ககிட்ட?"

பொட்டலம் இன்னும் அவள் மடியில் பிரிக்காமல் இருந்தது.