நஃபீஸத் மாமியின் பேரீச்சம்பழம்

மேலப்பாளையத்தில் அந்தத் தெருவில் பிள்ளை பிறந்தால் சேதி முதலில் சொந்தக்காரர்களுக்குப் போகும், அடுத்து நஃபீஸத் மாமிக்குப் போகும். பேரீச்சம்பழத்தைக் கூழாக மென்று, பச்சைப்பிள்ளையின் அண்ணத்தில் விரலால் தடவுவது அவள் வேலை. அவள் தடவினால் பிள்ளைக்கு ஓதுகிற நாக்கு வாய்க்கும் என்று ஒரு நம்பிக்கை. இதுவரை முப்பத்தொன்பது பிள்ளைகள். அதில் பாதி ஓதக் கூப்பிட்டால் ஓடி ஒளிகிற கூட்டம். ஆனாலும் நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

மாமிக்கு இருந்த பெருமையும் அது ஒன்றுதான். வயது ஐம்பத்திரண்டு. மாப்பிள்ளை சவூதியில் தம்மாமில் மௌத்தாகி, அவள் விதவையாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, பிள்ளையும் இல்லை. சாயங்காலம் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பாள். அவர்கள் போன பிறகு வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும்.

உதட்டோரத்தில் கொப்புளம் வருவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பல்லி எச்சம் பட்டது என்பார்கள். அவளும் பல்லியை நாலு திட்டுத் திட்டிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். ஒரு வாரத்தில் போய்விடும், மூன்று மாதத்தில் திரும்பி வரும். போன ரமலானின் கடைசிப் பத்து நாளில் இரவெல்லாம் தொழுது தூக்கம் கெட்டு, கொத்தாக வந்து வாயைத் திறக்க முடியாமல் ஆனபோதுதான் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா அதற்கு ஹெர்பிஸ் என்று பெயர் சொன்னாள். கிருமி நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளுமாம், அடியோடு விரட்ட மருந்தில்லையாம். வெயில், காய்ச்சல், தூக்கமின்மை, மனக்கவலை என்று ஏதாவது சாக்குக் கிடைத்தால் எழுந்து வருமாம். உதடு குறுகுறுக்கும்போதே மாத்திரையைத் தொடங்கினால் பெரிதாகாது. வெளியே போனால் குடை, உதட்டுக்குக் களிம்பு, தனித் தம்ளர், தனித் துண்டு. உலகத்தில் பாதிப் பேருக்கு இருக்கிறது, சின்னதில் யாரோ கொஞ்சினதில் வந்திருக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள். பச்சைப்பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது, எச்சில் படவே கூடாது. கொப்புளம் இல்லாத நாளிலும் எச்சிலில் கிருமி இருக்கலாம், பிறந்த பிள்ளைக்கு அது மூளை வரை போய் உயிரை எடுத்துவிடும்.

மாமி வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைப் போனில் தேடினாள். தேடியிருக்கக் கூடாது. போன் காட்டியதெல்லாம் வேறு இடத்துக் கொப்புளங்கள், வேறு விதமான பேச்சு. பத்தொன்பது வருஷமாகத் தனியாக இருக்கிறவளுக்கு இப்படி ஒரு பெயரில் நோய் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மாத்திரையைத் தையல் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள். முப்பத்தொன்பது பிள்ளைகளையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் பயத்தில் தூக்கம் போயிற்று, தூக்கம் போனதில் கொப்புளம் வந்தது.

அதன் பிறகு வந்த இரண்டு அழைப்புகளுக்கும் வள்ளியூரில் வேலை இருக்கிறது என்று சொல்லி பஸ் ஏறிவிட்டாள். வள்ளியூரில் அவளுக்கு ஒருவரும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

முஆத் வந்து நின்றபோது வள்ளியூர் செல்லுபடியாகவில்லை. முஆத் அவள் தம்பி மகன், அவள் தூக்கி வளர்த்தவன், அந்த முப்பத்தொன்பதில் முதல் ஆள். ஒரு வியாழக்கிழமை விடிய அவன் மனைவி ஷஃபீகாவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. பைக்கோடு வாசலில் நின்றவனிடம் மாட்டேன் என்று சொல்ல மாமிக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் பார்க்கிற ஆசையும் இருந்தது.

ஆஸ்பத்திரி அறையில் தம்பி மனைவி, முஆதின் உம்மா ஹமீது பீவி, பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். மாமி பதறிப்போய், தான் இன்றைக்கு நோன்பு, பழத்தை மெல்ல முடியாது என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை நோன்பு வைக்கிறவள்தான், அதனால் எல்லாரும் நம்பினார்கள். வேறு யாரையாவது மெல்லச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தாள். நடந்தது வேறு.

"அதுக்கென்ன மாமி, பிள்ள பால் குடிச்சிட்டான்," என்றான் முஆத். "நீங்க நோன்பு தொறக்குற மஃரிப் வரைக்கும் பழம் ஒங்களுக்காக நிக்கட்டும்."

மாமி அன்று முழுவதும் அந்த அறையில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் டீ வந்தது, அவளுக்கு மரியாதை வந்தது. குர்ஆன் ஓதிக் கொடுக்கிற வாயால் நோன்பின் பேரில் பொய் சொன்னோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அஸர் தொழுகை நேரம் கழிந்ததும் உதட்டோரம் குறுகுறுக்கத் தொடங்கியது. மாத்திரை வீட்டில் இருந்தது.

மஃரிப் பாங்கு கேட்டது. ஹமீது பீவி பிள்ளையை மாமியின் மடியில் வைத்துப் பழத்தை அவள் கையில் கொடுத்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது. அந்தச் சின்ன வாயைப் பார்த்ததும் மாமிக்கு ஊர் வாய் மறந்துபோனது.

"நான் நோன்பு இல்ல, பொய் சொல்லிட்டேன்," என்றாள். "எனக்கு ஒதட்டுல வருமே, அது பல்லி எச்சம் இல்ல. ஹெர்பிஸுன்னு ஒரு நோய். எச்சில் பட்டா பிள்ள உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னாவ. நான் வைக்கக் கூடாது. யாரும் மென்னு வைக்க வேண்டாம்."

 ஹமீது பீவி கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"அப்ப எம் பிள்ள முஆதுக்கு வச்சியளே, மைனி?"

மாமி நாலு மாதமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.  ஷஃபீகா கட்டிலிலிருந்து பைய எழுந்து வந்தாள். சொன்னதற்கு அல்லாஹ் நன்மை தருவான் என்றாள், நல்ல மனதோடுதான் சொன்னாள். சொல்லிக்கொண்டே பிள்ளையை மாமியின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தட்டிலிருந்து வேறு பழம் எடுத்து விரலால் நசுக்கித் தானே தடவினாள். பிள்ளை சப்புக்கொட்டியது.

முஆத் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். மாமி வேண்டாம் என்று சொல்லி பஸ்ஸில் வந்தாள். இறங்கும்போதுதான் கவனித்தாள், ஹமீது பீவி கொடுத்த பழம் இன்னும் கைக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். தையல் பெட்டியைத் திறந்து மாத்திரையைப் போட்டு, தன் தம்ளரில் தண்ணீர் குடித்தாள். காலையிலிருந்து வயிறு காலி. பழத்தை வாயில் போட்டு மென்றாள். பழக்க தோஷம், கூழாகும் வரை மென்று, அதை எடுக்க விரல் உதடு வரை போய்விட்டது. விரலைக் கீழே இறக்கினாள். பிறகு பழத்தை விழுங்கினாள்.