திங்கட்கிழமை பாப்போம்

வேலை தேடி அலைகிறவர்களுக்குத் தனி அகராதி ஒன்று உண்டு. ‘சொல்லி அனுப்புறோம்’ என்றால் இல்லை. ‘உங்க நம்பர் இருக்குல்ல’ என்றால் இல்லை. ‘வயசெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லைங்க’ என்றால் வயதுதான் பிரச்சினை. ‘பாப்போம்’ என்பது இவற்றில் மிக மரியாதையான இல்லை.

ரெண்டு வாரம் அக்காவுக்கு இந்த அகராதி மனப்பாடம். பதினான்கு வருடம் ஒரு தரை ஓடு கம்பெனியில் சரக்குக் கணக்கு பார்த்தவர். கட்டட வேலைகள் நின்றபோது ஓடு விற்பது நின்றது. ஓடு நின்றபோது கம்பெனி நின்றது. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. இப்போது கட்டடங்கள் மெல்ல எழுகின்றன. ஒரு மாடி ஏறும், இரண்டு மாதம் மூச்சு வாங்கும், மறுபடி ஒரு மாடி. கம்பெனிகளும் அப்படித்தான். வேலை வந்துவிட்டது, ஆளை நிரந்தரமாக எடுக்கத் தைரியம் வரவில்லை.

“ஆள் வேணும்பாங்க, ஆனா ஆள் வேணாம்பாங்க. அந்த இடைவெளியிலதான் அக்கா நம்ம பொழப்பு ஓடுது” என்பார் தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளர். காதில் ஒன்று, கையில் ஒன்று, மேசையில் ஒன்று என்று மூன்று போன்களோடு வாழ்கிறவர். பிரசவ விடுப்பு, கால்முறிவு, ஆண்டுக் கணக்கெடுப்பு என்று எங்கே நாற்காலி காலியானாலும் இரண்டு வாரத்துக்கு அக்காவைத்தான் அனுப்புவார். போகிற இடத்தில் பெயர் கேட்டு, அதை அவர்கள் மனதில் பதித்துக்கொள்வதற்குள் பத்து வேலைநாள் முடிந்துவிடும். அதனால் ‘ரெண்டு வாரம் அக்கா’ என்பதே நிலைத்துவிட்டது. நிரந்தரமாகக் கிடைத்தது அந்தப் பெயர் ஒன்றுதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு வருடத்தில் இருபத்தாறு இடம். எல்லா இடத்திலும் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கடைசி நாள் மாலை, அடுத்து வருகிறவருக்காக ஒரு தாள் எழுதி மேசை இழுப்பறையில் வைப்பார். எது எங்கே இருக்கிறது, எது மக்கர் செய்யும், யாரிடம் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று. அதை யார் படித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. “முதல் நாள் முழிக்கிற முழி எனக்குத்தானே தெரியும்” என்பார்.

இருபத்தேழாவது இடம் லிஃப்ட் உதிரிபாகக் கிடங்கு. சரக்குப் பொறுப்பாளர் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். அவர் கிடங்கை அலமாரியில் வைத்திருக்கவில்லை, தலைக்குள் வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் போனில், “மூணாவது அலமாரி, கீழ் தட்டு, சிவப்பு டப்பாவுக்கு அந்தப் பக்கம்” என்பார். சிவப்பு டப்பா ஏழு இருந்தது.

அக்கா மூன்று நாள் டப்பாக்களைத் திறந்து பார்த்தார். நான்காம் நாள் எண் ஒட்டத் தொடங்கினார். ஏழாம் நாள், பன்னிரண்டாவது மாடியில் நின்றுபோன ஒரு லிஃப்டுக்குக் கதவு ரோலர் கேட்டு வந்த மெக்கானிக், கேட்ட இரண்டாவது நிமிடம் அதைக் கையில் வாங்கினார். ரோலரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், “இங்கயா இவ்வளவு சீக்கிரம் குடுத்தாங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வேலை தனக்கு வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது அன்றுதான். மற்ற இடங்களில் யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். இங்கே நாற்காலி அவர் அளவுக்கு இருந்தது. அதோடு ஒரு சேதியும் காதில் விழுந்தது. கால் உடைந்தவர் வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போகப்போகிறாராம்.

ஒன்பதாம் நாள், பதினொரு மணி தாண்டட்டும் என்று காத்திருந்து கிடங்குக் கண்காணிப்பாளரிடம் நேராகவே கேட்டார்.

“சார், இந்த இடம் காலியாகுதுன்னா என்னைக் கணக்குல எடுத்துப்பீங்களா?”

ஒரு கையில் டீ, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். “திங்கட்கிழமை பாப்போம்.”

அக்கா அகராதியைப் புரட்டினார். புரிந்தது. ஏஜென்சியின் கடிதத்திலும் வெள்ளிக்கிழமையோடு பத்து நாள் முடிகிறது. மறுநாள் மாலை தாளை எழுதி வைத்தார், சாவியைக் காவலாளியிடம் கொடுத்தார், ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டு வாசலிலேயே மாடிவீட்டு நாத்தனார் பிடித்துக்கொண்டார்.

“என்ன அண்ணி, மூட்டை கட்டியாச்சா?”

“கட்டியாச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“பாப்போம்னாங்க.”

“அப்போ பாத்தாச்சு” என்றார் நாத்தனார். “விடுங்க அண்ணி. உங்களுக்கு ஊர்ல இருக்கற எல்லா ஆபீஸ் கழிப்பறையும் தெரியும். அது யாருக்கு வாய்க்கும்?”

திங்கட்கிழமை அக்கா ஒரு திரைச்சீலைத் துணிக் கிடங்கில் இருந்தார். இருபத்தெட்டாவது இடம். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் கணக்கெடுப்பு. ஏணியில் நிற்கும் பெண் அளவைப் படிப்பார், அக்கா எழுதுவார். நடுவில் ஒருவர் விலகினால் அந்த வரிசையை முதலிலிருந்து எண்ண வேண்டும். பத்தரை மணிக்கு போன் அடித்தது. ஒருங்கிணைப்பாளர்.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“நீங்க அனுப்பின இடத்துலதான்.”

“ஐயோ, லிஃப்ட் கம்பெனியில ஒன்பது மணியிலேருந்து உங்களுக்காக உக்காந்திருக்காங்க. மேனேஜரே வந்திருக்காராம். நேர்முகமாம். திங்கட்கிழமைன்னு உங்ககிட்ட சொன்னாராமே.”

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். “பாப்போம்னுதான் சொன்னார்.”

“அதான் அக்கா. பாப்போம்னா பாப்போம்.”

இருபத்தாறு இடத்தில் இல்லை என்று பொருள்பட்ட சொல், இருபத்தேழாவது இடத்தில் தன் சொந்தப் பொருளில் வந்திருக்கிறது. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ரெண்டு மணிக்கு இன்னொருவரைப் பார்க்கப்போகிறார்கள், அதற்குள் வந்துவிடுங்கள், துணிக் கிடங்கில் நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன் என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அக்கா மேலே பார்த்தார். ஏணியின் உச்சியில் அந்தப் பெண் நாற்பத்தோராவது சுருளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“பாதியில விட்டுட்டு வர மாட்டேன்” என்றார் அக்கா. “ஒரு மணிக்கு சாப்பாட்டு நேரம். அரை மணி நேரம் என்னுது. அப்போ போன்ல பேசுறேன்னு சொல்லுங்க.”

“போன்லயா? ஒத்துக்க மாட்டாங்க அக்கா.”

“கேட்டுப் பாருங்க. பதினொரு மணிக்கு மேல கேளுங்க.”

ஒரு மணிக்கு அவர் துணிச் சுருள்களுக்கு நடுவே போய் நின்றார். கிடங்கிலேயே சத்தம் புகாத இடம் அதுதான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மேனேஜரின் குரல் அவசரக் குரலாக இருந்தது. “ஏம்மா, எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே?”

“நான் விடல சார். தாள்ல பத்து நாள்னு இருந்தது, பத்து நாள் இருந்தேன்.”

“தாள்னு சொன்னதும் ஞாபகம் வருது. இழுப்பறையில ஒண்ணு கிடைச்சுது.” காகிதம் சலசலத்தது. அவர் படிக்கத் தொடங்கினார். “‘கதவு ரோலர் இரண்டு வகை. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். துளையில் சுண்டுவிரல் நுழைந்தால் பழையது.’ நல்லது. ‘பின்கதவுப் பூட்டு இரண்டாம் தடவைதான் திறக்கும், கோபப்பட வேண்டாம்.’ சரி. ‘கண்காணிப்பாளர் நல்லவர். ஆனால் காலை பதினொரு மணிக்கு முன்னால் எதைக் கேட்டாலும் இல்லை என்பார். அதையே பதினொன்றுக்கு மேல் கேளுங்கள்.’”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

“அவர் பக்கத்துலதான் உக்காந்திருக்கார்” என்றார் மேனேஜர். தூரத்தில் ஒரு இருமல் கேட்டது.

“அடுத்து வர்றவங்களுக்கு எழுதினது சார் அது. ஆனா பொய் எழுதல.”

“பொய்னு அவரும் சொல்லல. நான் ஏழு வருஷமா காலையில கேட்டுத்தான் ஏமாந்திருக்கேன்.” குரலில் அவசரம் கொஞ்சம் குறைந்திருந்தது. “இருபத்தெட்டு இடம் மாறியிருக்கீங்க. எங்ககிட்ட மட்டும் நிப்பீங்கன்னு எப்படி நம்புறது?”

“நான் மாறல சார், மாத்தினாங்க. பதினாலு வருஷம் ஒரே இடத்துல இருந்தேன், கம்பெனிதான் என்னை விட்டுட்டுப் போச்சு. இந்த இருபத்தெட்டுல ஒண்ணைக்கூட நான் பாதியில விடல. இப்பவும் அதனாலதான் போன்ல பேசுறேன்.”

மறுமுனையில் தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜர், “சரிம்மா. யோசிச்சு சொல்லி அனுப்புறோம்” என்றார்.

“சார்” என்றார் அக்கா. “அந்த வார்த்தை எனக்கு ஒத்துக்காது. ரெண்டு மணிக்கு வர்றவங்களையும் பாருங்க, அதுதான் முறை. ஆனா சாயங்காலத்துக்குள்ள உண்டுன்னா உண்டு, இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. இல்லன்னாலும் கோச்சுக்க மாட்டேன்.”

யாரோ சிரித்தார்கள். கண்காணிப்பாளராகத்தான் இருக்க வேண்டும்.

நான்கரை மணிக்குக் கண்காணிப்பாளரே கூப்பிட்டார். “வாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, “நாளைக்கே வர முடியுமா?” என்றார்.

“இங்க ரெண்டு வாரம் சார். முடிச்சுட்டு வர்றேன்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

“தாள் இருக்கே சார்.”

ஒருங்கிணைப்பாளர்தான் கொஞ்சம் இடிந்துபோனார். “சந்தோஷம்தான் அக்கா. இனிமே நான் யாரை அனுப்புவேன்?” என்று மூன்று போன்களிடமும் கேட்டார். நாத்தனார் மாடியிலிருந்து இறங்கிவந்து, “இனிமே ஒரே கழிப்பறைதானா அண்ணி?” என்று துக்கம் விசாரித்தார்.

புது வேலையின் பத்தாம் நாளும் வெள்ளிக்கிழமையாகத்தான் வந்தது. நாலே முக்காலுக்கு அக்காவின் கை தானாகவே மேசையைத் துடைத்தது, தானாகவே ஒரு தாளை எடுத்தது. கால் பக்கம் எழுதியிருப்பார். கண்காணிப்பாளர் வாசலில் வந்து நின்றார்.

“என்ன, மறுபடியும் தாளா? யாருக்கு?”

“எனக்கும் லீவு வரும்ல சார், நிரந்தரமாச்சே. அன்னைக்கு இன்னொரு ரெண்டு வாரம் அக்கா வந்து நிப்பாங்க. அதுக்கு.”

அவர் தாளை எட்டிப் பார்த்தார். “என்னைப் பத்தி எழுதின வரி?”

“இருக்கு சார்.”

“அதை எடுக்க மாட்டீங்க.”

“எடுக்கல. பதினொரு மணியைப் பத்தரைன்னு மாத்தியிருக்கேன்.”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். மறுக்கவில்லை. “திங்கட்கிழமை பாப்போம்” என்றார்.

“பாப்போம் சார்” என்றார் அக்கா. கிடங்குச் சாவியைக் காவலாளியிடம் கொடுக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டார்.