வான்மதி எழுதிய கார் கதை

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். அமெரிக்காவில் எடிசன் என்கிற ஊருக்கு வந்து, அடுத்தவன் ஹோட்டலில் பாத்திரம் தேய்த்து, இன்று ஓக் ட்ரீ ரோட்டில் சொந்த ஹோட்டல் நடத்துகிறேன். டாக்டர் பட்டம் வாங்கினவர்களெல்லாம் என் மாடி ஹாலில் கூடித்தான் இலக்கியம் பேசுகிறார்கள். ஹால் இனாம். போண்டா மட்டும் வாங்கியாக வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி வான்மதி. கோபிச்செட்டிபாளையத்துக்காரி. ஊரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள், இங்கே வந்து பல வருஷம் கிரீன் கார்டுக்குக் காத்துக் கிடந்தாள். அதிகம் பேசமாட்டாள். சிரித்தால் மட்டும், யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். போன மாதம் செர்ரி ஹில் பக்கம் ஒரு லேபில் வேலை கிடைத்திருப்பதாக என் கல்லாவில் நின்று சொன்னாள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். டர்ன்பைக் என்கிற பெரிய ஹைவேயில் கார் ஓட்டிப் போக வேண்டும். புருஷன் வேலுமணியோ, "ஹைவே உனக்கு ஆகாது" என்று ஒரே பிடி. அவன் ட்ரெயினில் மன்ஹாட்டன் போகிறவன். வீட்டிலிருக்கும் ஒரே கார் பகலெல்லாம் ஸ்டேஷனில் தூங்கும்.

"கதையா எழுதிட்டேனுங்க அங்கிள். ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு அவரும் வருவாரு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாசித்தாள். லைசென்ஸ் இருந்தும் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊரைச் சுற்றும் ஒருத்தியின் கதை. அவ்வளவுதான். குழந்தைக்கும் புரியும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. கதையின் கரு என்ன, எழுதினவர் நோக்கம் என்ன என்று எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. நல்ல சட்டம். நான் சாம்பார் வைத்தால் ருசி வேறு, எதற்கு வைத்தேன் என்பது வேறு. என்னைக் கேட்காமலே ரெண்டையும் சொல்வார்கள் இவர்கள்.

ரிட்டயர்டு புரொபசர் வெங்கடாசலம் தொண்டையைச் செருமினார். "கார் என்பது அமெரிக்கா. பக்கத்து சீட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பது தமிழ்."

"சீட் பெல்ட்?" என்றேன்.

"பண்பாடு," என்றார், யோசிக்காமலே.

ஐ.டி.யில் இருக்கும் தீக்ஷா, "இல்ல அங்கிள், டோட்டலா லோன்லினஸ்தான் தீம்," என்றாள். வான்மதி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலு தம்பி, நீ சொல்லுப்பா," என்று நான் கிளப்பிவிட்டேன்.

அவன் எழுந்து நின்றே சொன்னான். "புருஷனை நம்பி நிம்மதியா வர்ற மனைவி. குடும்ப ஒற்றுமைதானுங்க கரு." கையும் தட்டினான்.

இப்போது அவள் முறை. சிரித்தாள்.

"கரு எதுவா வேணாலும் இருக்கட்டுங்க. நோக்கம் ஒண்ணுதான். திங்கக்கெழம நான் வேலைக்குச் சரின்னு சொல்லணும். எனக்குக் கார் வேணும்."

புரொபசர் கடித்த போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இதை வீட்லயே சொல்லியிருக்கலாமே?" என்றான் வேலுமணி, முகம் சிவந்து.

"சொன்னேனுங்க. டிவியைப் பாத்துக்கிட்டே தலையாட்டுனீங்க. இங்கதான் நீங்க முழுசாக் கேட்டிருக்கீங்க."

வெங்கடாசலம் மெதுவாக, "தமிழும் கார் ஓட்டலாம்தான்," என்றார்.

வேலுமணி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் பாக்கெட்டைத் துழாவிச் சாவியை எடுத்தான். "ஒரு தடவை டர்ன்பைக்கில ஓட்டிக் காட்டு. அப்புறம் பேசலாம்."

அப்போதே கிளம்பினோம். சாட்சிக்கு நான் பின் சீட்டில். லாரிகள் பறக்கிற பாதையில் அவள் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நுழைந்தாள். வேலுமணி இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்து, காலால் தரையை ஓங்கி மிதித்தான்.

"ஏனுங்க, அந்தப் பக்கம் பிரேக் இல்லீங்க," என்றாள். "வேலைக்குப் போறப்ப உங்களை ஸ்டேஷன்ல எறக்கி விட்டுட்டே போறேன்."

"எத்தனை மணிக்குக் கெளம்பணும்?" என்றான் அவன்.