மேல் குட்டைக்குக் கால் கழுவியவர்

பாகலூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டு குட்டைகள். மார்கழிக் குளிரில் கீழ்க் குட்டை மீன்களுக்குச் சிவப்புப் புண் கண்டது. விரால் செத்து மிதந்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு மீன்வளத் துறைக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தவர் ஒல்லியான மனிதர், கன்னடக்காரர். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பைக் கரைத்து, ஆறவைத்து, கீழ்க் குட்டையில் தெளித்தார். பிறகு மேல் குட்டையைப் பார்க்கக் கிளம்பியவர், செருப்பைக் கழற்றிவிட்டு, குடத்துத் தண்ணீரால் முழங்கால்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"மீனு சாவுது. இவரு கோயிலுக்குப் போறாப்ல கால் கழுவினு நிக்கிறாரே!" என்று என் மனைவி முணுமுணுத்தாள். எனக்கு அந்தப் பக்தி பிடித்திருந்தது.

அதற்குள் என் மைத்துனன், பிழைத்த மீனையாவது காப்பாற்றலாமென்று கீழ்க் குட்டையில் வலைபோட்டு, துள்ளும் கெண்டைகளோடு மேல் குட்டைக்கு ஓடினான்.

"பேடா! பேடப்பா, வேணாம்! நில்லு!" என்று கத்திக்கொண்டே அவர் வெறுங்காலோடு முள்ளில் ஓடி, கரையிலேயே அவனை மறித்தார்.

"நல்ல மீனுதான் சார்," என்றான் அவன்.

"அதுக்குள்ள நோவு இருக்கும். வலையில, சேத்துல எல்லாம் இருக்கும். எதுக்குக் காலைக் கழுவுனேன்?"

"சாமிக்குன்னு நெனச்சேங்க," என்றேன் நான்.

மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். "சாமிக்கும்தான்," என்றார்.

மேல் குட்டைக்கு நோய் ஏறவில்லை. கோயில் வாசலில் கால் கழுவும்போதெல்லாம் அவர்தான் நினைவுக்கு வருகிறார். என் மனம் நோகக்கூடாதென்று அப்படிச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை.