பிள்ளைக்கு ஒட்டிக்கொண்ட என் பேச்சு

யாழ்ப்பாணத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பது வருடம் பேச்சுப் பயிற்சி கொடுத்துவந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அம்மா இறந்தார். வெறும் வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காத அந்த நாட்களில்தான், ஆம்பூரில் ஓர் அநாதை இல்லத்துக்கு ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அங்கே, வாய்க்குள் மேலண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். ஆனாலும் பேச்சு மூக்கால் போகிறது, சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. சம்பளம் கிடையாது, அறையும் சாப்பாடும் உண்டு. கப்பலேறி, ரயிலேறி வந்துசேர்ந்தேன்.

கடல் தாண்டினாலும் தமிழ்தானே என்று நினைத்திருந்தேன். முதல் வாரமே சோப்பு வாங்கப்போன கடையில், "மலையாளமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதன் பிறகு வேண்டியதைக் கையால் காட்டி வாங்கப் பழகினேன். இல்லத்துச் சமையல்காரி "இன்னா?" என்று இரண்டாம் தரம் கேட்டால், ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து தோல் ஊறும் நாற்றம் அறைக்குள்ளும் வரும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவேன். பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பேசவைத்துவிட்டு, சாயங்காலத்துக்குப் பிறகு வாய் திறக்காமல் கிடந்த நாட்களே அதிகம்.

அந்த இல்லத்திலிருந்து ஒரு டேனரித் தொழிலாளியும் அவர் மனைவியும் வளர்க்க அழைத்துப்போன ஆறு வயதுப் பெண், வாரத்தில் மூன்று நாள் என்னிடம் வருவாள். அவள் மூக்கின் கீழே சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'பா' சொல்லச் சொல்வேன். கண்ணாடி மங்கினால் காற்று மூக்கால் போகிறது என்று அர்த்தம். மேசையில் கோழி இறகை வைத்து ஊதவைப்பேன். ஏழு மாதம் கழித்து ஒருநாள் கண்ணாடி மங்கவில்லை. அவள் அதைப் பிடுங்கித் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வளர்ப்புத்தாய் மட்டும் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா. பாப்பா இப்போ வாயே தொறக்க மாட்டேங்குது. தெருப் புள்ளைங்க சிலோன்காரின்னு கிண்டல் பண்ணுதுங்க. ஆமான்னு சொல்றதுக்கு ஓம்ங்குது. பேசுடின்னா, கதைக்க மாட்டேன்ங்குது. கதைய யாரு கேட்டது? ஒரே பேஜாரா கீது."

நான் கடையில் வாய்மூடி நின்றதுபோல அந்தப் பிள்ளையும் தெருவில் நிற்கிறது. அதைச் செய்தது நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இனி நீங்களும் கூட வாங்கோ. சொல்லை நீங்கள் சொல்லுங்கோ. நான் மூச்சை மட்டும் பார்க்கிறேன்."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? கையெழுத்துகூடப் போட வராது."

"அவளுக்கு உங்கட பேச்சுத்தான் வேணும்."

அவர் கூச்சத்தோடுதான் தொடங்கினார். போகப்போக வீட்டுச் சண்டை, மார்க்கெட் விலை எல்லாவற்றையும் பாடமாக்கினார். தாய் சொல்ல மகள் சொல்ல, வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். மழைக்காலம் முடிவதற்குள் அவர்கள் வருவது நின்றது. இனி வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் கேளாமல் அவர்கள் வீட்டைத் தேடிப்போனேன். அவள் வாசலிலிருந்து உள்ளே கத்தினாள்: "அம்மா, டீச்சர் வந்துக்கிறாங்க. காப்பித்தூள் கீதா, கடைக்குப் போவட்டா?"

ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக இருந்தது. காப்பி வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "உங்க ஊர்ல உங்களுக்கு யாரு கீறாங்க?"

"ஒருத்தரும் இல்லை, பிள்ளை."

"எனக்கும் இல்லாமத்தான் இருந்துச்சு," என்றாள். பிறகு வெளியே யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

இன்னும் ஒரு வருடம் ஆம்பூரில் இருந்தேன். வேறு பிள்ளைகள் வந்தார்கள். இல்லத்தில் அவர்களை வளர்க்கும் ஆயாமாரையும் கூடவே உட்காரவைத்தேன். ஊர் திரும்பிய பிறகு அவளுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அந்த வீட்டில் வாசித்துச் சொல்ல யாரும் இருந்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.