நிழல் விழாத காணி

ஆளில்லாத அறையில் விளக்கெரியக் கண்டால் தில்லைநாதனுக்குப் பொறுக்காது. மாத்தளையில் தாய்மாமனின் கடையில் இருந்துகொண்டு மின்வேலை பயின்ற இளமையிலேயே அவருக்கு அந்தக் குணம் வந்துவிட்டது. அறுபதாம் வயதில், ஊர்காவற்றுறைத் தீவின் கரையோரப் படைமுகாமில் நாட்கூலி மின்வேலையாளாகச் சேர்ந்தபோது அவர் கண்டவை பல. வெறும் விடுதிகளிற் காற்றாடிகள் சுழன்றன. நிரம்பி வழியும் தொட்டிக்குப் பம்பி மேலும் இறைத்தது. பட்டப்பகலில் வேலி விளக்குகள் எரிந்தன. இத்தனைக்கும் இரண்டு ஜெனரேற்றர்கள் ஓயாது டீசல் குடித்தன.

அந்த டீசலைத் தேக்கிய தாங்கிகள் நின்ற நிலம், அவர் மனைவி அன்னப்பிள்ளையின் சீதனக் காணி. தாய்வழி வந்து மகளுக்குச் சேரவேண்டிய எட்டுப் பரப்பு, அரை ஏக்கர் நிலம். தொண்ணூறாம் ஆண்டில் அங்கே வீடு கட்ட எண்ணிப் பதினெட்டுப் பனைகளைத் தறித்துக் கைமரம் சீவி அடுக்கினார். கிணறும் வெட்டினார், தீவில் அரிதாய் வாய்க்கும் நன்னீர் அதிலே சுரந்தது. அத்திவாரம் இடுமுன் போர் வந்தது, ஊர் பெயர்ந்தது. அன்னப்பிள்ளை வன்னியிற் காய்ச்சல் கண்டு இறந்தாள். மகளோடு அவர் மீண்டபோது காணி முள்வேலிக்கு உள்ளே இருந்தது.

முகாமின் பொறியியல் அதிகாரி வயதில் இளையவர், பண்பானவர். மாத்தளையிற் பழகிய தில்லைநாதனின் திருத்தமான சிங்களத்தைக் கேட்டு வியந்தவர். ஒருநாள் தாங்கிகளின் அருகே நின்று, "எரிபொருளைக் குறைக்கச் சொல்லி மேலிடம் நெருக்குகிறது, அங்கிள். டீசலே வேண்டாம் என்றாகிவிட்டால் இவற்றைக் கழற்றிவிடலாம்" என்றார்.

அன்று மாலை தில்லைநாதன் மகள் லோஜனாவிடம் சொன்னார்:

"டீசல் குறைஞ்சால் எங்கடை காணி வந்திடும், பிள்ளை."

"காணி தாறன் எண்டு சொன்னவரோ?"

"தாங்கியைக் கழட்டுவம் எண்டவர்."

"தாங்கி போறது வேறை, காணி வாறது வேறை, அப்பா. அது எங்கடை காணியெண்டு அவருக்குச் சொன்னீங்களோ?"

சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சினார். அதைவிட, தம் உரிமையை ஒருவரிடம் இரந்து கேட்க அவருக்கு மனம் வரவில்லை. உழைப்பே பேசட்டும் என்றிருந்தார்.

மூன்றாண்டுகள் உழைத்தார். தொட்டி நிரம்பியதும் பம்பி தானே நிற்க மிதவை பொருத்தினார். விடிந்ததும் வேலி விளக்குகள் தாமே அணைய வழிசெய்தார். விடுதி விடுதியாய் நடந்து ஆளற்ற அறைகளின் மின் ஆளிகளை நிறுத்தினார். 'லைற் ஓஃப் மாமா' என்று சிப்பாய்கள் பெயர் வைத்தார்கள். ஒரு ஜெனரேற்றர் முற்றாக ஓய்ந்தது.

முகாமுக்கு மீன் கொடுக்கும் யாகப்பு வாயிலில் அவரை மறித்தான்.

"அவங்கடை டீசலுக்கு நீர் ஏன் காணும் உருகிறீர்? உம்மடை வீட்டிலை எரியிறது ரெண்டே ரெண்டு லைற்."

"எல்லாம் என்ரை காணிக்குத்தான், யாகப்பு."

"ஓமோம். முடிய உமக்கொரு சேட்டிபிக்கற் தருவாங்கள். அதைக் காணியெண்டு சுவரிலை கொழுவி வையும்."

எஞ்சிய டீசலையும் நிறுத்தச் சூரியத் தகடுகள் வரவிருந்தன. முகாமில் எவ்விடத்தில் எத்தனை மணிநேரம் வெயில் விழுகிறது என்று அளந்து தரும்படி அதிகாரி கேட்டார். தில்லைநாதன் பன்னிரண்டு இடங்களிற் கம்பு நட்டு, ஒரு கிழமை, ஏழு நாளும், நிழல் பார்த்தார். விடுதிக் கூரைகளே ஏற்றவை என்று எழுதினார். பட்டியலின் கடைசியில் தாங்கி வளவு வந்தபோது பேனை நின்றது. அங்கே இல்லாத இரண்டு பனையின் நிழலைச் சேர்த்து எழுதினால் தகடு வராது, யாருக்குத் தெரியும்? ஆனால் வேலைக் குறிப்பிற் பொய் எழுதி அவர் பழகியதில்லை. 'காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை நிழல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

கொழும்பிலிருந்து வந்தவர்கள் கூரைகள் பாரம் தாங்கா என்றார்கள். பட்டியலின் கடைசி வரியைப் படித்தார்கள். ஒரு மாதத்திலே தாங்கிகள் அகன்றன. மறு கிழமையே அங்கு தகடுகளைத் தாங்கக் கொங்கிறீற்றுத் தூண்கள் எழுந்தன.

"இருபத்தைந்து வருடம் நிற்கும், அங்கிள்" என்று அதிகாரி மகிழ்ந்தார்.

அப்போதுதான் தில்லைநாதன் அது தம் மனைவியின் காணி என்று சொன்னார். அதிகாரியின் முகம் வாடியது. தூண்களைப் பார்த்தபடி, "முன்பே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சக்தி சேமிப்பிற் சிறந்த முகாம் என்று விருது கிடைத்தது. தில்லைநாதனுக்கும் மும்மொழியில் ஒரு சான்றிதழ் வந்தது. லோஜனா அதை ஒருமுறை படித்துவிட்டு, அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

கடற்காற்றின் உப்புப் படிந்தால் தகடுகள் மங்கும். உவர்நீராற் கழுவினாற் கறை நிற்கும். ஆதலால் அந்த வளவின் கிணற்று நீராலேயே கிழமைக்கொருமுறை கழுவவேண்டும் என்று முடிவாயிற்று. வேலையும் அவருக்கே வந்தது. அவர் மறுக்கவில்லை. அந்தக் கிணற்றைத் தொட வேறு வழி இல்லை.

முதற் சனிக்கிழமை அடையாள அட்டையை வாயிலிற் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவர் கட்ட எண்ணிய வீட்டின் குசினி எழும்பியிருக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் வரிசைத் தகடுகள் மின்னின. முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் கிணற்றில் வாளியை இறக்கி இழுத்தார். உள்ளங்கையில் அள்ளி ஒரு மிடறு குடித்தார். நீர் அன்றுபோலவே இனித்தது.

"தண்ணீரை வீணாக்காதே. அது தகடு கழுவத்தான்" என்று காவலிலிருந்த புதுச் சிப்பாய் சிங்களத்தில் அதட்டினான்.

தில்லைநாதனுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கையில் எஞ்சிய நீரை வாளிக்குள்ளேயே விட்டார்.